டிஸ்க்குக்குள் எழுதிய பெயர்

வீட்டுக்கு வந்த கருவிகள் – 17

2015 நவம்பர் 16-ஆம் தேதி முடிச்சூரில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அது வடிந்து, பாயைக் காயவைத்து, பீரோவைத் துடைத்து வீட்டுக்காரர்கள் நிமிர்வதற்குள் டிசம்பர் 1 வந்துவிட்டது. அன்று காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரையை மறந்து வரதராஜபுரத்துக்குள்ளும் ராயப்பா நகருக்குள்ளும் அமுதம் நகருக்குள்ளும் நடந்தது. மாடிக்கு ஏறி உட்கார்ந்திருந்தவர்களைப் படகில் வந்து அழைத்துப் போனார்கள்.

தண்ணீர் வடிந்தபின் பல வாரங்களுக்கு எங்கள் பக்கத்து மொட்டைமாடிகளைப் பார்த்தால் போதும், எந்த வீட்டில் என்ன சேர்த்து வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். பத்திரம், மார்க் ஷீட், கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு. துணி காயும் கொடியில் நூலில் கோத்துத் தொங்கிய சி.டி.க்கள். (எழுதும் சி.டி.யின் சாயப் பூச்சுக்கு வெயில் ஆகாது. நிழலில்தான் உலர்த்த வேண்டும்.) அந்த சி.டி.க்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. பிழைக்காமல் போனவை அவற்றின் பெயர்கள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது கரைந்துவிட்டது. ஒட்டிய பேப்பர் ஸ்டிக்கர் ஊறிச் சுருண்டது. சிலவற்றில் உரியும்போது வெள்ளிப் பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. உறைக்குள் செருகிய அட்டை கூழாகிவிட்டது. மார்க்கரில் எழுதியது மட்டும் ஓரளவு தப்பியது.

கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு சி.டி.க்குப் பெயர் போனால் பெரிய நஷ்டமில்லை. இரண்டு வரி கேட்டாலே படம் எது என்று சொல்ல ஆள் இருக்கிறது. வீட்டில் பதிவு செய்த சி.டி. அப்படியில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது உலகத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் தெரியும்.

அமுதம் நகரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளை வருஷக்கணக்காக கேசட்டில் பிடித்து வைத்தவர். மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு சி.டி. ரெக்கார்டர் வாங்கி வந்து கொடுத்ததும், தேய்ந்துகொண்டிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக சி.டி.க்கு மாற்றினார். வெள்ளத்துக்கு முந்தைய வருஷம் அவர் காலமாகிவிட்டார். வெள்ளத்துக்குப் பிறகு அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய டிஸ்க்குகளோடு வந்தார்.

“தம்பி, இதுல எது மகாராஜபுரம், எது மதுரை சோமுன்னு அவருக்குத்தான் தெரியும். இப்ப நான் யாரைக் கேட்கறது?”

“உள்ளேயே எழுதியிருக்காரான்னு பார்ப்போம்மா. சில பெட்டியில அந்த வசதி உண்டு.”

“உள்ளேன்னா? பாட்டு நடுவுலயா?”

“இல்லம்மா, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கு.”

எழுத்து காட்டும் பழைய பிளேயர் ஒன்றில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சில டிஸ்க்குகளைப் போட்டதும் டிஸ்ப்ளேயில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின: பாடகர் பெயர், பாட்டின் பெயர். சில டிஸ்க்குகள் பாடின, பெயர் காட்டவில்லை. இன்னும் சிலவற்றைப் பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. ஒரே மனிதர், ஒரே பெட்டியில் பதிவு செய்தவைதான் எல்லாம். ஏன் இந்த மூன்று விதம் என்பதற்குள் வீட்டு சி.டி. ரெக்கார்டரின் முழுக் கதையும் இருக்கிறது.

சி.டி. என்பது 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பாலிகார்பனேட் தட்டு. மையப்புள்ளியிலிருந்து அளந்தால் 25-வது மில்லிமீட்டரில் பாட்டு தொடங்குகிறது. அதற்குச் சற்று உள்ளே, 23 முதல் 25 வரை, இரண்டே மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம். லீட்-இன் என்பார்கள். மொத்தம் எத்தனை பாட்டு, எது எந்த நிமிடம் எந்த விநாடியில் தொடங்குகிறது என்ற அட்டவணை இங்கே இருக்கிறது. டிஸ்க்கைப் போட்டதும் பிளேயர் முதலில் படிப்பது இதைத்தான். இதைப் படிக்க முடியாவிட்டால் மற்ற எழுபது நிமிடமும் நன்றாக இருந்தும் அதற்குப் பயனில்லை.

1982-இல் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தபோது பாட்டுக்குப் பெயர் எழுத இதில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆனால் இசையோடு கூடவே ஓடும்படி எட்டு மெல்லிய வாய்க்கால்களை வைத்திருந்தார்கள்; ஆங்கில பி முதல் டபிள்யூ வரை அவற்றுக்குப் பெயர். முதல் இரண்டும் பாட்டின் எல்லையையும் நேரத்தையும் சொல்லும் வேலைக்குப் போயின. மீதி ஆறும் பெரும்பாலான டிஸ்க்குகளில் காலியாகவே கிடந்தன. 1996-இல் சோனியும் பிலிப்ஸும் லீட்-இன் வளையத்தில் ஓடும் அந்த ஆறில் எழுத்துகளைக் கொண்டுபோய் வைத்தன. அதுதான் சி.டி. டெக்ஸ்ட்.

எழுத்துகள் அங்கே சிறு பொட்டலங்களாகக் கட்டி வைக்கப்படுகின்றன. ஒரு பொட்டலம் 18 பைட். இது எந்த வகைத் தகவல், எத்தனையாவது பாட்டுக்கு உரியது என்று சொல்ல முதல் 4. எழுத்துக்கு 12. சரியாகப் படித்தோமா என்று சரிபார்க்கக் கடைசி 2. ஒரு மொழிக்கு அதிகபட்சம் 256 பொட்டலம். அதாவது ஒரு டிஸ்க்கின் பாட்டுப் பெயர், பாடகர் பெயர் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் எழுத்துக்குள் அடங்க வேண்டும். எழுதியதை ஒரு தடவையோடு விடாமல், வளையம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதி வைப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அடுத்த சுற்றில் அதே பெயர் காத்திருக்கும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் எந்தத் தண்ணீரில் ஊறினாலும், சாயப் பூச்சுக்குள் பதிந்த இந்த எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

இனி பெட்டிக்கு வருவோம். 1997-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த சி.டி.ஆர். 870 வீட்டு ஹாலில் வைக்கும் விலைக்கு வந்த ரெக்கார்டர்களில் முன்னோடி. பயனியர், மரான்ட்ஸ், சோனியும் இந்தக் களத்தில் இருந்தன. பெயர் எழுதும் வசதியும் அடுத்தடுத்த மாடல்களில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இது எல்லோர் வீட்டிலும் நுழைந்த கருவி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததுதான் அதிகம். அதற்கு வேண்டிய டிஸ்க் கிடைப்பதும் சிரமம். காரணம், வீட்டு ரெக்கார்டர் கம்ப்யூட்டர் சி.டி.யை ஏற்காது, ‘டிஜிட்டல் ஆடியோ’ என்று அச்சடித்த தனி ரகம் வேண்டும். அமெரிக்காவில் 1992-இல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம், வெற்று டிஸ்க்கின் விலையில் 3 சதவீதமும் கருவியின் விலையில் 2 சதவீதமும் இசைத் துறைக்குப் போக வேண்டும் என்றது. அந்தப் பங்கு கட்டிய டிஸ்க்தானா என்று பெட்டியே பார்த்துக்கொள்ளும்படி, டிஸ்க்கிலேயே ஓர் அடையாளம் பதித்தார்கள். இங்கே மோசர் பேயர் டிஸ்க் சல்லிசாகக் குவிந்து கிடந்த காலத்திலும் அந்தப் பெட்டிக்காரர்கள் யாராவது சிங்கப்பூர் போகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

பெயர் எழுதுவதற்கு முன்னால் பாட்டைப் பிரிக்க வேண்டும். பெயர் ஒட்டிக்கொள்வது ட்ராக் எண்ணோடு. கேசட்டிலிருந்து எடுக்கும்போது இரண்டு மூன்று விநாடி மௌனம் வந்தால் பெட்டி தானாகவே அடுத்த ட்ராக் என்று வைத்துக்கொள்ளும். சினிமாப் பாட்டுக்கு இது சரி. கச்சேரிக்குச் சரிப்படாது. தம்புரா ஓய்வதே இல்லை. பாட்டு முடிந்தால் கைதட்டல், கைதட்டல் ஓயுமுன் வயலின் சுருதி சேர்ப்பது. பெட்டிக்கு மௌனமே காதில் விழாது. ஒரு பக்கக் கேசட் முழுவதும் ஒரே ட்ராக்காகிவிடும். ஆகவே ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆலாபனை தொடங்கும் இடத்தில் அழுத்த வேண்டும். ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் இதைப் பிறகு மாற்ற வழியில்லை.

பிரித்த பிறகு மெனுவில் டெக்ஸ்ட் பகுதிக்குப் போக வேண்டும். டிஸ்க்கின் பெயரா, பாடகர் பெயரா, பாட்டின் பெயரா என்று கேட்கும். தேர்ந்தெடுத்ததும் ஒரு கோடு மின்னும். குமிழைத் திருகினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறும். வேண்டிய எழுத்து வந்ததும் அழுத்தினால் மின்னும் கோடு அடுத்த இடத்துக்கு நகரும். மகாராஜபுரம் சந்தானம் என்று தமிழில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. ஆங்கில எழுத்தில் இருபத்திரண்டு, நடுவே ஓர் இடைவெளி. இருபத்து மூன்று தடவை திருகி, இருபத்து மூன்று தடவை அழுத்தினால் ஒரு பாடகர் பெயர் முடியும். பிறகு ஏழெட்டுப் பாட்டு. டாஸ்காம் போன்ற ஸ்டூடியோ மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டர் கீபோர்டைச் செருகிக்கொள்ளலாம். வீட்டுப் பெட்டிக்காரருக்குக் குமிழ்தான். ஓய்வு பெற்ற ஒரு மனிதர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார் என்றால், அந்தச் சங்கீதத்தின் மேல் அவருக்கு இருந்த மரியாதை அது.

எழுத்தில் தவறு வந்தால் அழிக்கலாம். கடைசி எழுத்தை மட்டும் அழிக்கலாம், ஒரு பாட்டின் பெயரை முழுசாக அழிக்கலாம், டிஸ்க்குக்கு எழுதிய எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழிக்கலாம். இவ்வளவு சுலபமாக அழிக்க முடிகிறதே என்ற இடத்தில்தான் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் இன்னும் டிஸ்க்குக்குப் போகவே இல்லை. பெட்டியின் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு டிஸ்க்கில், பெயர் பெட்டியில். மளிகைக் கடையில் அன்றன்றைக்குச் சிட்டையில் கிறுக்கி வைத்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்களே, அந்த மாதிரி. பேரேட்டில் ஏற்றும் வேலைக்கு ஃபைனலைஸ் என்று பெயர். அந்தப் பொத்தானை அழுத்தியதும் பெட்டி சில நிமிடங்கள் வேறெதற்கும் பதில் சொல்லாமல் அந்த இரண்டு மில்லிமீட்டர் வளையத்தை எழுதும். அட்டவணையும் பெயர்களும் அப்போதுதான் ஒன்றாக டிஸ்க்கில் இறங்கும்.

அந்த அம்மா கொண்டுவந்த மூன்று விதமும் இப்போது விளங்கும். பெயர் ஓடியவை, பெயர் எழுதியபின் ஃபைனலைஸ் செய்தவை. பாடியும் பெயர் காட்டாதவை, பெயர் எழுதுமுன்பே ஃபைனலைஸ் செய்துவிட்டவை; ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் வளையம் மூடிய பிறகு ஓர் எழுத்துகூடச் சேர்க்க முடியாது, ஓர் எழுத்தைக்கூட நீக்க முடியாது. மூன்றாவது ரகம் ஃபைனலைஸே செய்யாதவை. அவற்றில் பாட்டு இருக்கிறது, அட்டவணை இல்லை. அவற்றின் பெயர்கள் பெட்டிக்குள் இருந்திருக்கும். பெட்டி டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தது. நவம்பர் தண்ணீரிலேயே அது முழுகிவிட்டது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பெட்டியின் நினைவகம் சின்னது. மூடாத டிஸ்க்குகள் சேரச் சேர அது நிரம்பிவிடும். இடமில்லை என்று பெட்டி சொல்லும். பழைய டிஸ்க் ஒன்றின் பெயர்களை அழித்தால்தான் புதியதற்கு இடம். அவசரத்தில் எதையாவது அழித்துவிடுவது இங்கேதான். ஃபைனலைஸ் ஆன டிஸ்க்கின் பெயரை அழித்தால் நஷ்டமில்லை, அது டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஆகாத டிஸ்க்கின் பெயரை அழித்தால் போனது போனதுதான்.

திரும்ப எழுதும் சி.டி. வேறு ஜாதி. ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் லேசர் சூட்டால் சாயம் மாறிவிடுகிறது. மாறிய சாயம் பழையபடி ஆகாது. திரும்ப எழுதும் டிஸ்க்கில் சாயத்துக்குப் பதில் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் என்ற நான்கும் சேர்ந்த உலோகக் கலவை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அந்தப் புள்ளி மங்கும். 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி பளபளப்பாகும். அந்த வளையத்தில் ஒரு பெயர் அழிவது என்றால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளிகள் 200 டிகிரியில் வெந்து பழைய பளபளப்புக்குத் திரும்புகின்றன என்று பொருள். ஃபைனலைஸ் செய்ததை ரத்து செய்ய இதில் முடியும். ஆனால் ரத்தாவது வளையம் முழுவதும்: அட்டவணையும் போகும், கூடவே பெயர்களும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நினைப்பவர் முதலில் எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ரத்து செய்ய வேண்டும். 1992-இல் சோனி கொண்டுவந்த மினி டிஸ்க் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அதில் எந்த நாளிலும் பெயரை அழித்து எழுதலாம், பாட்டைத் தொடவே வேண்டாம். நல்ல கருவி, நம் ஊரில் வேரூன்றவில்லை.

என்னை அதிகம் வருத்தும் இடம் மொழி. சி.டி. டெக்ஸ்டில் ஒரு டிஸ்க்கில் எட்டு மொழி வரை எழுதலாம். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எண் உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது. ஆனால் எழுத்து வரிசை என்று வைத்தவை ஐரோப்பிய மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8859-1, சாதாரண ஆஸ்கி, ஜப்பானியம். ஆக, ‘இதில் இருப்பது தமிழ்’ என்று டிஸ்க்குக்குச் சொல்லலாம். தமிழில் எழுதத்தான் முடியாது.

அந்த ஆண்டுகளில் நம் பக்கமும் வீடு ஒழுங்காக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூனிகோடில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று இருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில்தான் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. சோனியும் பிலிப்ஸும் 1996-இல் வந்து கேட்டிருந்தால்கூட, இதுதான் எங்கள் எழுத்து வரிசை என்று நாம் ஒரே குரலில் நீட்டியிருக்க முடியாது. ஆகவே வீட்டில் பதிவான டிஸ்க்குகள் எல்லாம் ஆங்கில எழுத்தை உடுத்திக்கொண்டு நிற்கின்றன. ழகரத்துக்கு இசட் எச் போடுவதா, எல் போடுவதா; ‘த’வுக்கு எச் சேர்ப்பதா, வேண்டாமா; ஆளுக்கு ஆள் வேறு. ஒரே பாடகர் ஐந்து எழுத்துக்கூட்டலில் இருப்பார். தேடினால் அகப்படமாட்டார்.

எழுத்து மட்டுமில்லை, கட்டமும் நமக்குப் போதாது. பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், இசையை ஒழுங்கு செய்தவர், ஒரு குறிப்பு, ஓர் இசை வகை. ராகத்துக்குக் கட்டமில்லை. தாளத்துக்கு இல்லை. வயலின் யார், மிருதங்கம் யார் என்று எங்கே எழுதுவது? அந்த ரயில்வேக்காரர் ஒரு வழி கண்டிருந்தார். பாட்டின் பெயர்க் கட்டத்தில் பாட்டுக்குப் பதில் ராகத்தின் பெயரையே எழுதியிருந்தார். தோடி, காம்போஜி, கரகரப்ரியா என்று டிஸ்ப்ளேயில் ஓடிய வரிசையைப் பார்த்ததும் அந்த அம்மா, “இது அவர் பண்ணினதுதான்” என்றார். இருப்பதற்குள் எது முக்கியம் என்று அவர் எடுத்த முடிவு சரியானதுதான் என்று நான் நினைக்கிறேன். ராகம் தெரிந்தால் பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெயர் காட்டாத டிஸ்க்குகளை என்ன செய்வது? கேட்பதுதான். கேட்டதில் ஒன்றில் விடை கிடைத்தது. கச்சேரி முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபின் நிலைய அறிவிப்பாளரின் குரல் வந்தது: இதுவரை பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாக. மற்ற டிஸ்க்குகளில் அந்தக் குரல் இல்லை. கேசட்டில் இடம் வீணாகக் கூடாதென்று அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் நிறுத்திவிடுவது அந்தக் காலத்து வழக்கம். பதிவிலேயே ஒட்டியிருந்த ஒரே பெயர்ப்பலகையை அப்படித்தான் பல வீடுகளில் வெட்டியெறிந்தோம்.

குரலால் பெயர் பதிப்பது இந்தியாவில் ஒலிப்பதிவு தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் முன்னால் கௌஹர் ஜான் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தகடுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய் அங்கே இசைத்தட்டாக வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தியப் பாட்டில் யார் குரல் எது என்று எப்படித் தெரியும்? தட்டிலேயே சொல்லிவிட்டால் லேபிள் மாறாது. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தபின் இசைத்தட்டுகள் இங்கேயே அச்சாகத் தொடங்கின. பெயர் சொல்லும் வழக்கமும் மெல்ல ஓய்ந்தது. தாள் லேபிள் கிழிந்துபோன அந்த இசைத்தட்டுகளில் இன்றும் கௌஹர் ஜான் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறார்.

இந்தத் தொடரைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படி ஒரு டப்பா இருந்தால், இந்த மாதமே சில வேலைகளைச் செய்துவிடச் சொல்வேன். சாயப் பூச்சும் வயதாகும் பொருள்தான்.

டிஸ்க்கின் மேல்பக்கம்தான் பலவீனமானது. கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல். மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும். பால்பாயின்ட் பேனா கூடாது, ஸ்டிக்கர் கூடாது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடும் தண்ணீர் சேர்ந்த மையுள்ள மார்க்கரையே சொல்கிறது. எழுதச் சிறந்த இடம், நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி இருக்கும் பகுதி. அங்கே ஓர் எண் மட்டும் எழுதுங்கள். சேறு படிந்திருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாட்டின் போக்கிலேயே நீளமாக விழும்.

உள்ளே பெயர் இருக்கிறதா என்று பார்க்க எழுத்து காட்டும் பிளேயரோ கார் ஸ்டீரியோவோ போதும். கம்ப்யூட்டரில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் சி.டி. டெக்ஸ்டைப் படிக்கும், டிரைவுக்கு அந்த வசதி இருந்தால். லினக்ஸ்காரர்களுக்கு சி.டி.-இன்ஃபோ இருக்கிறது. கம்ப்யூட்டர் பிளேயர்கள் பலவும் இணையத்தில் பாட்டின் நீளத்தை வைத்துப் பெயரைத் தேடும். வீட்டில் பதிவு செய்த டிஸ்க்குக்கு அது உதவாது. சமயத்தில் அதே நீளமுள்ள வேறு ஏதோ ஆல்பத்தின் பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். அதை நம்பி எழுதி வைக்காதீர்கள்.

ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க் இருந்தால் அதை அழிக்கும் மெனுவுக்குள் போகவே வேண்டாம். பதிவு செய்த அதே பெட்டி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கை அதில் போட்டதும் பெயர் வந்தால், அந்தப் பெயர் பெட்டியின் நினைவகத்திலிருந்து வருகிறது. தாளில் குறித்துக்கொண்டு உடனே ஃபைனலைஸ் செய்யுங்கள். பெட்டி போய்விட்டிருந்தால் வேறொரு ரெக்கார்டர் மூடிக் கொடுக்கலாம். பாட்டு கிடைத்துவிடும். பெயர் மட்டும் அந்தப் பெட்டியோடு போயிருக்கும்.

பாட்டைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது ஃப்ளாக் வடிவில் எடுத்து வையுங்கள். அதில் தரம் குறையாது. முக்கியமான விஷயம், அதில் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கட்டமும் நாமே சேர்த்துக்கொள்ளலாம்: ராகம், தாளம், வயலின், மிருதங்கம், நிலையம், வருஷம். கட்டத்தின் தலைப்பை மட்டும் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே எழுதுவது எல்லாம் தமிழாக இருக்கலாம். வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் யார் பாடியது, எந்த வருஷம், எந்த ரேடியோவில் பிடித்தது என்று அவர் வாயால் சொல்ல வைத்துத் தனி ட்ராக்காகச் சேர்த்துவிடுங்கள். அந்த அம்மா வீட்டு டிஸ்க்குகளுக்கு அவரே அப்படிப் பேசிக் கொடுத்தார். பாடகர் யார் என்று தெரியாத இரண்டு டிஸ்க்குக்கு, தன் கணவர் எந்த வாடகை வீட்டில் குடியிருந்தபோது எந்த ஜன்னலோரம் ரேடியோவை வைத்துப் பிடித்தார் என்பதைச் சொன்னார். அதையும் அப்படியே சேர்த்தோம்.

அடுத்த வாரம்: கல்யாண வீடியோ கேசட்டும் அதைப் பிரதி எடுத்த வி.சி.ஆர்.களும்